கரண்ட் போன ராத்திரியில் பாம்புக்கு கேஸ் ஹீட்டரா?

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

குளிர் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரைப் பற்றியே பல பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

கேள்வி: என்னிடம் இரண்டு பால் பைதானும் (ball python என்ற மலைப்பாம்பு வகை) ஒரு லெப்பர்ட் கெக்கோவும் (பல்லி வகை) இருக்கின்றன. மூன்றும் ஒரே சின்ன அறையில். போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த முறை முன்கூட்டியே சுவரில் மாட்டும் கேஸ் ஹீட்டர் வாங்கிவிட்டேன். புகைக்குழாய் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் என்கிறார்கள். அந்த அறையிலேயே மாட்டிவிடலாமா டாக்டர்?

வேண்டாம். மாட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு விடியற்காலையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால், நான் கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தபோதே ஒரு கணவனும் மனைவியும் வாசலில் நின்றார்கள். கூடவே எட்டு, ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. துண்டில் சுற்றி ஒரு பியர்டட் டிராகனை, அதாவது தாடி வைத்தாற்போன்ற ஒரு பெரிய ஓணானை, கொண்டுவந்திருந்தார்கள். "ராத்திரி பூரா ஹீட்டர் போட்டுத்தான் வெச்சிருந்தோம் டாக்டர், குளிரவே விடல" என்றார் அந்த அம்மா. துண்டைப் பிரித்தேன். விலங்கு துவண்டு கிடந்தது. ஆனால் என் கையில் முதலில் பட்டது துண்டின் ஈரம். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். கேட்டால், குளிர்காற்று வரக்கூடாதென்று ஜன்னல் அடியில் அடைத்து வைத்திருந்த துண்டாம் அது. ஜன்னல் கண்ணாடியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் வழிந்து இறங்கியிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் அந்தக் குழந்தை என் மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்பா நெற்றியைத் தேய்த்தபடி, "எல்லாருக்கும் ராத்திரியிலேர்ந்து தலைவலி, ஜலதோஷம் பிடிச்சிருக்கு போல" என்றார். நான் ஸ்டெதஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு மூவரையும் முதலில் வெளிக்காற்றுக்கு அனுப்பினேன். அப்புறம் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு. ரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு என்று வந்தது. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் தூக்கிவந்த உயிர் அன்று மதியத்தைத் தாண்டவில்லை.

அந்தத் துண்டின் ஈரத்துக்குக் காரணம் இருக்கிறது. கேஸ் எரிந்தால் தண்ணீர் பிறக்கும். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகவும், சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வெளியே வரும். புகைக்குழாய் இருந்தால் அது கூரைக்கு மேலே போகும். இல்லையென்றால் நீங்களும் பாம்பும் மூச்சு விடும் காற்றில்தான் தங்கும். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்று முழு வேகத்தில் எட்டு மணி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீரை அறைக்குள் கொட்டுகிறது. உங்கள் கெக்கோ வறண்ட நிலத்து உயிர். 30, 40 சதவீத ஈரப்பதத்தில் சௌகரியமாக இருப்பது. கூடவே நைட்ரஜன் டை ஆக்சைடு கொஞ்சம் வரும். அது நுரையீரலை எரிச்சல்படுத்தும். சுடர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் வரும்.

தானே அணையும் என்று சொன்னார்களே, அந்த சென்சார் உண்மையானதுதான், நல்ல ஏற்பாடுதான். பைலட் சுடர் தெர்மோகப்பிள் என்ற சின்னக் கம்பியைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பிறக்கும் துளி மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் சுடர் கம்பியை விட்டு விலகும், கம்பி ஆறும், வால்வு மூடிக்கொள்ளும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், சென்சார் மூடுவது 18 சதவீதத்தை ஒட்டி. ஆனால் அதற்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும்தான். பர்னரில் தூசி அடைத்துக்கொண்டோ, அதன் செராமிக் ஓடு விரிசல் விட்டோ சுடர் மஞ்சளாக எரியத் தொடங்கினால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு சேரும். சென்சார் அதைக் காணாது. ஊர்வன இருக்கும் அறையில் தூசிக்குப் பஞ்சமா? தேங்காய் நார்த்தூளும் மரச்சீவலும் எப்போதும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும் அறை அது.

இன்னொன்றையும் யோசியுங்கள். சூடும் ஈரமும் வெளியே போகக்கூடாதென்று பார்த்துப் பார்த்து இடுக்குகளை அடைப்பவர்கள் நாம். வீட்டிலேயே காற்றோட்டம் குறைந்த அறை அதுவாகத்தான் இருக்கும். இந்த ஹீட்டரை வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு வந்தால் மனிதர்களுக்கு முன்னால் விலங்குகளுக்குத் தெரிந்துவிடும் என்கிறார்களே? பாம்பு நெளிய ஆரம்பித்தால் ஹீட்டரை அணைத்துவிட்டால் போதாதா?

இந்த நம்பிக்கை சுரங்கத்தில் பறவை வைத்திருந்த காலத்திலிருந்து வருகிறது. 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, சின்ன உயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் விஷக்காற்றை முன்கூட்டியே அறியலாம் என்றார். பிரிட்டனில் 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தார்கள். அந்தப் பறவைக்கு உடம்பு துளி, மூச்சு வேகம், ஆக்சிஜன் தேவை மிக அதிகம். அதனால்தான் அது முதலில் விழுந்தது.

பாம்பு அதற்கு நேர் எதிர். மூச்சு நிதானம், தேவை குறைவு. அடைந்த காற்றில் அது மணிக்கணக்கில் சுருண்டு படுத்திருக்கும், நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைப்பீர்கள். உடம்பில் ஏறிய கார்பன் மோனாக்சைடு வெளியேறவும் நேரம் பிடிக்கும். ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் வாயு. பாம்பு நெளியும்வரை காத்திருந்தால், அதை அணைக்க எழுந்திருக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதற்கென்றே அலாரம் இருக்கிறது, வாங்கி மாட்டுங்கள். அதிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தரத்தில் செய்த அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள்தான் ஒலிக்கும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். குறைந்த அளவில் நீண்ட நேரம் இருந்தால் அது பேசாமலே இருக்கலாம். அதனால் அலாரம் அடிக்கவில்லை, தலை மட்டும் வலிக்கிறது என்றாலும் வெளியே வந்துவிடுங்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கத்தில் தேதி போட்டிருப்பார்கள், இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?

அடைத்து வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நல்ல காற்றோட்டம் வரும் அளவுக்குத் திறந்தால் சூடு வெளியே போகும், போகக்கூடாதென்று குறைத்தால் வாயு உள்ளே நிற்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவதும் நடக்கும். என்னிடம் வந்த குடும்பமும் முதலில் திறந்துதான் வைத்திருந்தது. குழந்தைக்குக் குளிருகிறது என்று நடுராத்திரியில் சாத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியென்றால் கரண்ட் போனால் நாங்கள் என்னதான் செய்வது? கண்ணெதிரே விலங்கு குளிரில் விறைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

முடியாதுதான். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது; என் வீட்டிலும் பதினான்கு வயதுப் பால் பைதான் ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் மனசை ஆற்றிக்கொள்ள ஒரு விஷயம். ஆரோக்கியமான வளர்ந்த பால் பைதான் ஒரு ராத்திரி 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. லெப்பர்ட் கெக்கோவும் பியர்டட் டிராகனும் 18 டிகிரி வரை ஒரு ராத்திரியைத் தாங்கும். கவலைப்பட வேண்டியது குட்டிகளுக்கும், நோயாளிக்கும், முட்டை சுமப்பதற்கும், அன்றைக்குத்தான் இரை எடுத்ததற்கும். சூடு இல்லாமல் பாம்புக்குச் செரிக்காது; வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் இரை கொடுக்காதீர்கள். செலவே இல்லாத முதல் ஏற்பாடு இதுதான்.

அப்புறம், அறையைச் சூடாக்க நினைக்காதீர்கள். விலங்கு இருக்கும் இடத்தை மட்டும் சூடாக வையுங்கள். என் வீட்டில் அலமாரிக்கு மேலே ஒரு தெர்மாகோல் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும், ஓர் அங்குலச் சுவர், மூடியில் பென்சிலால் குத்திய ஆறு துளைகள். கரண்ட் போனவுடன் எதையும் கலைக்க மாட்டேன். கண்ணாடித் தொட்டியை மூன்று பக்கமும் கம்பளியால் போர்த்தி, மேல் வலையில் பாதியை மட்டும் மூடுவேன். இரண்டு மூன்று மணி நேரம் அதிலேயே ஓடிவிடும். உள்ளே வெப்பமானி 22 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பெட்டி கீழே வரும்.

பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டிப் பெட்டிக்குள் வைப்பேன். இரண்டு லிட்டர் வெந்நீர் பாட்டில் ஒன்று, கை வைத்தால் பொறுக்கும் சூட்டில், 50 டிகிரிக்கு மேல் போகாமல். அதைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வைப்பேன். பாம்புக்கு விலகிப் போக இடம் வேண்டும். அறை ரொம்ப உறைந்து போகாமல் இருந்தால், ஒரு பாட்டில் மூன்று நான்கு மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். மாற்ற வேண்டிய நேரத்துக்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு நானும் படுத்துவிடுவேன். பல வருடங்களாக இப்படித்தான். ஒரு தடவைகூட அது சளி பிடித்து எழுந்ததில்லை.

பார்சலில் உயிரினங்களை அனுப்பும்போது வைக்கும் வெப்பப் பொட்டலங்களும் நல்லவை. இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும் சூடு அது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடாதீர்கள். விலங்கின் மேல் நேரடியாகப் படவும் கூடாது. பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள்.

பணம் செலவழிக்க முடிந்தால் கேஸ் ஹீட்டருக்குப் பதில் பேட்டரியில் போடுங்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 500 வாட்-மணி பேட்டரி, வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் 100 வாட் செராமிக் பல்பை நான்கு மணி நேரம் ஓட்டினாலே பெரிது. அதே பேட்டரி, தொட்டிக்கு அடியில் ஒட்டும் 16 வாட் ஹீட் மேட்டை ஒரு நாள் முழுக்க ஓட்டிவிடும். ஹீட் மேட்டுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போட மறக்காதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து 6 மீட்டருக்காவது தள்ளி வையுங்கள். கார் ஷெட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதும் கூடாது.

கேள்வி: தொட்டிக்கு அடியில் மெழுகுவத்தி ஏற்றி வைக்கலாமா?

கூடாது. கண்ணாடி ஒரே இடத்தில் சூடேறி வெடிக்கும். தரையில் படுத்திருக்கும் விலங்குக்கு வயிறு வெந்துபோகும். அப்படி வெந்த வயிறுகளுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இருக்கும் இடத்தில் கரண்ட் போனால் மூன்று நாள் வராது. வெளியே உறைபனி. எங்களுக்கே அந்த கேஸ் ஹீட்டர்தான் கதி. விலங்குகளை என்ன செய்வது?

உங்கள் நிலைமையில் ஹீட்டரைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. குளிரும் கொல்லும். ஆனால் அது மனிதர்கள் விழித்திருக்கும் பெரிய அறையில் இருக்கட்டும். விலங்குகளை அவற்றின் பெட்டியோடு அந்த அறைக்குக் கொண்டுவாருங்கள். ஹீட்டரை அவற்றின் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அறையின் அளவு முக்கியம். அமெரிக்க விதிப்படி ஹீட்டரின் ஒவ்வொரு 1,000 பிடியூவுக்கும் (BTU, ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டின் அளவு) குறைந்தது 50 கன அடி இடம் வேண்டும். படுக்கையறை என்றால் 10,000 பிடியூவுக்கு மேல் கூடாது, குளியலறையில் 6,000. கலிபோர்னியாவில் வீட்டுக்குள் வைக்கும் இந்த வகை ஹீட்டரை விற்கவே கூடாது என்று சட்டம். விதி அனுமதிக்கும் இடத்திலும் அந்த அளவு காற்று வந்துபோகும் அறையை நினைத்துப் போட்டதுதான், இடுக்கெல்லாம் அடைத்த அறைக்கு அது பொருந்தாது. ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருக்கட்டும், பக்கத்து அறைக் கதவும் திறந்திருக்கட்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் பற்றவைக்காதீர்கள். தூங்கப் போகும்போது அணைத்துவிட்டு எல்லாரும் போர்வைக்குள் போங்கள். அந்த நேரத்துக்குத்தான் வெந்நீர் பாட்டில்.

பெட்டிகளை ஹீட்டருக்கு எதிரே வைக்காதீர்கள். செந்தணலாகச் சிவக்கும் வகை ஹீட்டர், காற்றைவிட எதிரே இருக்கும் பொருளைத்தான் முதலில் சுடும். கண்ணாடித் தொட்டி அதற்கு முன்னால் இருந்தால் அறை குளிர்ந்திருக்கும்போதே உள்ளே 38 டிகிரியைத் தொட்டுவிடும். பால் பைதானுக்கு அது உயிராபத்து. குளிரில் ஒரு ராத்திரி தாங்கும் பாம்பு, அந்தச் சூட்டில் அதிக நேரம் தாங்காது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் வைத்து, வெப்பமானியை விலங்கு படுத்திருக்கும் மட்டத்தில் வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் பெட்டிகள் தரையில் வேண்டாம், மேசை மேல் இருக்கட்டும். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே.

கேள்வி: போன மாதம் நான்கு ராத்திரி இப்படி கேஸ் ஹீட்டர் போட்டோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாம்பு இப்போது தலையை மேலே தூக்கியே வைத்திருக்கிறது, மூக்கில் குமிழி வருகிறது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். ஈரம் சேர்ந்த காற்றும், ஹீட்டரை அணைத்தவுடன் சட்டென்று இறங்கும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்றுக்கு வழி விடும். பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. சளியை இருமித் துப்ப அதனால் முடியாது. மூச்சுக்குழாயைத் திறந்துகொள்ளத்தான் தலையைத் தூக்குகிறது. வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பிக்கும்வரை காத்திருக்காமல், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். போகும்போது அந்த நான்கு ராத்திரியையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. அதுவரை சூடான பக்கம் 32 டிகிரியில் நிலையாக இருக்கட்டும், இரை வேண்டாம், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: காலையில் பார்த்தால் எங்கள் இகுவானா கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்துப் புதைக்கப் போனோம். வெயிலில் வைத்ததும் கால் அசைந்தது. இனி இப்படி ஆனால் ஹீட்டருக்கு முன்னால் வைத்துச் சீக்கிரம் சூடேற்றலாமா?

நல்ல வேளை, வெயிலில் வைத்தீர்கள். இகுவானாவுக்கு இப்படி ஆகும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி வானிலை அலுவலகமே, மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம், அவை செத்தவை என்று எண்ண வேண்டாம் என்று மக்களுக்கு அறிவித்தது. ஹீட்டருக்கு முன்னால் வைக்காதீர்கள். தோல் வெந்துபோகும், உள்ளே இன்னும் உறைந்தே இருக்கும். முதலில் சாதாரண அறைச்சூடு, பிறகு 25 டிகிரி, பிறகு மெதுவாக 30. இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; தானே தலையைத் தூக்கி நாக்கை நீட்டட்டும், அப்புறம் கிண்ணத்தை அருகில் வையுங்கள். விறைத்து எழுந்த விலங்குக்கு அடுத்த இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வருவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் தினமும் ஒரு நிமிடம் அதன் மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். சீழ்க்கை மாதிரி ஏதாவது கேட்டால் உடனே கூட்டிவாருங்கள்.